மாக் 2 கனவோடு பெங்களூர் வந்த ஜெர்மானியர்: இந்தியாவின் முதல் ஜெட் போர் விமானத்தை வடிவமைத்த குர்ட் டாங்க் யார்?

தேஜஸ் போர் விமானத்தைப் பற்றி செய்தி வரும்போதெல்லாம் கூடவே ஒரு கேள்வியும் வரும். விமானத்தை நாமே வடிவமைத்துவிட்டோம், சரி. ஆனால் இன்ஜின் மட்டும் ஏன் இன்னும் அமெரிக்காவிலிருந்து வருகிறது?

இந்தக் கேள்விக்கு வயது கிட்டத்தட்ட 65. தேஜஸுக்கு 40 வருடம் முன்னாடியே, 1961-ல், பெங்களூரில் ஒரு ஜெட் போர் விமானம் பறந்தது. பெயர் எச்.எஃப்-24 மருத். இந்தியாவில் வடிவமைக்கப்பட்ட முதல் ஜெட் போர் விமானம் அதுதான். ஒலியைப் போல இரண்டு மடங்கு வேகத்தில் பறக்க வேண்டும் என்று திட்டமிட்ட விமானம், கடைசிவரை ஒலியின் வேகத்தைத் தாண்டவே திணறியது. காரணம், இன்ஜின்.

அந்த விமானத்தை வடிவமைத்த குழுவின் தலைவர் ஒரு ஜெர்மானியர். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானிகளைத் திணறடித்த ஒரு போர் விமானமும் அவர் கைவண்ணம்தான். அவர் பெயர் குர்ட் டாங்க். அப்துல் கலாம் தன் சுயசரிதையான அக்னிச் சிறகுகளில், சென்னை எம்.ஐ.டி.யோடு சேர்த்து இவர் பெயரையும் குறிப்பிடுகிறார்.

குதிரைப் படையிலிருந்து வானத்துக்கு

குர்ட் டாங்க் பிறந்தது 1898 பிப்ரவரி 24-ல், ப்ரோம்பெர்க் என்ற ஊரில். அன்றைக்கு ஜெர்மனியில் இருந்த அந்த ஊர் இப்போது போலந்தில் இருக்கிறது. பெயர் பிட்கோஷ்ச்.

முதல் உலகப் போர் வந்தபோது டாங்கின் ஆசை விமானப் படையில் சேர்வது. ஆனால் ராணுவக் குடும்பம். அப்பாவின் விருப்பப்படி குதிரைப் படையில் சேர்ந்தார். போர் முடிந்ததும் பெர்லின் தொழில்நுட்பக் கல்லூரியில் மின்பொறியியல் படித்தார். விமான ஆசை மட்டும் விடவில்லை. கல்லூரியிலேயே கிளைடர் பறக்கும் மாணவர் குழு ஒன்றைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர்.

ஏன் கிளைடர்? போரில் தோற்ற ஜெர்மனி, ராணுவ விமானம் செய்யக் கூடாது என்று வெர்சாய் ஒப்பந்தம் கையைக் கட்டியிருந்தது. அதனால் அந்தத் தலைமுறை ஜெர்மன் பொறியாளர்களில் பலர் இன்ஜின் இல்லாத விமானத்தில்தான் பறத்தலின் அரிச்சுவடியைக் கற்றார்கள். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தியாவுக்கு வந்தபோது இந்தப் பாடம் டாங்குக்குப் பயன்பட்டது.

தான் செய்த விமானத்தைத் தானே ஓட்டும் டிசைனர்

படிப்பு முடிந்ததும் ரோர்பாக் என்ற நிறுவனத்தில் உலோகப் பறக்கும் படகுகள் செய்யும் வேலை. பிறகு கொஞ்ச காலம் இன்னொரு நிறுவனம். 1931-ல் ஃபோக்கே-வுல்ஃப் நிறுவனத்துக்கு வந்தார். அங்கே வடிவமைப்புப் பிரிவையும், விமானங்களைப் பறக்கவிட்டுச் சோதிக்கும் பிரிவையும் சேர்த்துக் கவனித்தார்.

இது அபூர்வம். பொதுவாக வரைபவர் ஒருவர், உயிரைப் பணயம் வைத்து ஓட்டிப் பார்ப்பவர் இன்னொருவர். டாங்க் இரண்டு வேலையையும் செய்தார். காகிதத்தில் அழகாக இருக்கும் விமானம் கையில் எப்படி நடந்துகொள்ளும் என்பது அவருக்கு நேரடியாகத் தெரியும்.

அவருடைய குழு செய்த கோண்டோர் என்ற நான்கு இன்ஜின் பயணிகள் விமானம் 1938 ஆகஸ்டில் பெர்லினிலிருந்து நியூயார்க்குக்கு நடுவில் எங்கும் இறங்காமல் சுமார் 25 மணி நேரத்தில் பறந்து போனது. அன்றைக்கு உலகமே திரும்பிப் பார்த்த பயணம் அது. போர் வந்ததும் அதே விமானம் அட்லான்டிக் கடலில் கப்பல்களைத் தேடித் தாக்கும் வேலைக்கு மாற்றப்பட்டது.

பந்தயக் குதிரை வேண்டாம், படைக்குதிரை போதும்

டாங்கின் பெயரை வரலாற்றில் நிறுத்தியது எஃப்.டபிள்யூ-190 போர் விமானம். 1939 ஜூன் 1-ல் முதல் முறை பறந்தது.

அப்போது ஜெர்மனியிடம் இருந்த முக்கியமான போர் விமானம் மெசர்ஷ்மிட் 109. பிரிட்டனிடம் ஸ்பிட்ஃபயர். டாங்கின் பார்வையில் இரண்டுமே பந்தயக் குதிரைகள். நல்ல ஓடுபாதை, நல்ல பராமரிப்பு, நல்ல விமானி எல்லாம் அமைந்தால்தான் ஓடும். அவர் குதிரைப் படையில் இருந்தவர். சேற்றிலும் மேட்டிலும் ஓடுகிற, அடிபட்டாலும் திரும்பி வருகிற, அவசரமாகப் பயிற்சி பெற்றவர்கூட ஓட்டக்கூடிய படைக்குதிரைதான் வேண்டும் என்று நினைத்தார்.

அகலமான, உறுதியான சக்கரக் கால்கள். முன்வரிசையிலேயே பழுது பார்க்க வசதியான கட்டுமானம். எல்லாவற்றையும் விட முக்கியமானது, இன்ஜின் தேர்வு.

அன்றைக்கு போர் விமானம் என்றால் நீரால் குளிர்விக்கப்படும், ஒல்லியான இன்ஜின்தான் பெஸ்ட் என்பது பொதுவான எண்ணம். ஆனால் அந்த வகை இன்ஜின்கள் மெசர்ஷ்மிட்டுக்கே போய்க்கொண்டிருந்தன. டாங்க் கிடைக்காத இன்ஜினுக்காகக் காத்திருக்கவில்லை. கிடைக்கக்கூடிய, காற்றால் குளிர்விக்கப்படும் பி.எம்.டபிள்யூ இன்ஜினை எடுத்துக்கொண்டார். அது குண்டாக இருக்கும், காற்றை அதிகம் தடுக்கும் என்று பலர் நினைத்தார்கள். முதல் மாதிரிகளில் விமானி அறை அடுப்பாகக் கொதித்தது. பிறகு இன்னும் சக்திவாய்ந்த பி.எம்.டபிள்யூ 801 இன்ஜினைப் பொருத்தி, விமானி அறையைப் பின்னால் தள்ளி, ஒவ்வொன்றாகச் சரி செய்தார்கள்.

1941-ல் அது ஆங்கிலக் கால்வாய்க்கு மேல் வந்தபோது, ஸ்பிட்ஃபயரின் அப்போதைய வகை அதற்கு ஈடுகொடுக்க முடியாமல் தவித்தது. 1942 ஜூனில் ஒரு ஜெர்மன் விமானி வழிதவறி வேல்ஸில் உள்ள பிரிட்டிஷ் தளத்திலேயே இறங்கிவிட, முழு விமானமும் பிரிட்டன் கையில் சிக்கியது. அதைப் பிரித்து மேய்ந்த பிறகுதான் அதன் ரகசியங்கள் அவர்களுக்குப் புரிந்தன. போர் முடிவதற்குள் 20,000-க்கும் மேற்பட்ட எஃப்.டபிள்யூ-190 விமானங்கள் தயாராகியிருந்தன.

டாங்கின் வாழ்க்கையில் மிகப் பெரிய வெற்றி இதுதான். கையில் கிடைக்கிற இன்ஜினைச் சுற்றி விமானத்தைக் கட்டியதால் வந்த வெற்றி. பின்னாளில் இந்தியாவில் நடந்தது இதற்கு நேர்மாறானது.

புகழும் கறையும்

போரின் பிற்பகுதியில் டாங்கின் பெயரிலேயே விமானங்கள் வந்தன. அவர் பெயரின் முதல் இரண்டு எழுத்துகளைச் சேர்த்து டிஏ-152 என்ற விமானத்துக்குப் பெயர் வைத்தார்கள். 1944 இறுதியில் டாங்க் அதை ஓட்டிக்கொண்டு போனபோது அமெரிக்க மஸ்டாங் விமானங்கள் துரத்தியதாகவும், இன்ஜினின் கூடுதல் சக்தியை முடுக்கி அவர் தப்பியதாகவும் விமான வரலாற்றில் அடிக்கடி சொல்லப்படும் சம்பவம் ஒன்று உண்டு.

ஆனால் இதை வெறும் சாகசக் கதையாகப் பார்க்க முடியாது. இந்த விமானங்கள் ஹிட்லர் ஆட்சியின் ஆயுதங்கள். ஃபோக்கே-வுல்ஃப் உட்பட ஜெர்மன் விமான ஆலைகளில், பிடித்துவரப்பட்ட வெளிநாட்டவர்களும் கைதிகளும் கட்டாய வேலை செய்தார்கள். டாங்கின் திறமை அந்த அமைப்புக்குள்தான் வளர்ந்தது.

போரின் கடைசி மாதங்களில் அவர் குழு ஒரு ஜெட் போர் விமானத்தையும் வரைந்து வைத்திருந்தது. டிஏ-183. பின்னோக்கி வளைந்த இறக்கைகள், உயரமான வால். அதற்கென்று நினைத்திருந்த ஹெய்ன்கல் ஜெட் இன்ஜின் தயாராகவே இல்லை. அதற்குள் ஜெர்மனி சரணடைந்தது. விமானம் வரைபடத்தோடு நின்றுபோனது.

வேறு பெயரில் அர்ஜென்டினா

போர் முடிந்ததும் டாங்கிடம் அனுபவம் இருந்தது, வேலை இல்லை. தோற்ற ஜெர்மனியில் விமானம் செய்யவே அனுமதி கிடையாது. பிரிட்டனோடு பேசிப் பார்த்தார், நடக்கவில்லை.

அழைத்தது அர்ஜென்டினா. அந்நாட்டு அதிபர் பெரோன், சொந்தமாக ஜெட் விமானம் செய்ய வேண்டும் என்ற வேகத்தில் இருந்தார். 1947-ல் பெட்ரோ மத்தீஸ் என்ற பெயரில் டாங்க் அங்கே போய்ச் சேர்ந்தார். பழைய சகாக்கள் பலரும் பின்னாலேயே வந்தார்கள். கோர்டோபா நகரத்தில் வேலை தொடங்கியது.

அங்கே உருவானது புல்கி-2. அந்நாட்டுப் பூர்வகுடிகளான மாபுச்சே மக்களின் மொழியில் புல்கி என்றால் அம்பு. வளைந்த இறக்கை, உயரமான வால் என டிஏ-183-ன் சாயல் அதில் அப்படியே தெரியும். முதலில் இன்ஜின் இல்லாத கிளைடராகச் செய்து பறக்கவிட்டார்கள். பிறகு பிரிட்டனின் ரோல்ஸ் ராய்ஸ் நீன் இன்ஜினைப் பொருத்தி 1950-ல் பறக்கவிட்டார்கள். 1951 பிப்ரவரியில் பியூனஸ் ஐரிஸில் பெரோன் முன்னிலையில் டாங்கே அதை ஓட்டிக் காட்டினார். அப்போது அவருக்கு 53 வயது முடியப்போகிறது.

ஆனால் சோதனைகள் சுமுகமாகப் போகவில்லை. 1951-லும் 1952-லும் நடந்த விபத்துகளில் இரண்டு சோதனை விமானிகள் உயிரிழந்தார்கள். 1955-ல் பெரோன் ஆட்சி கவிழ்ந்தது. ஆதரித்தவர் போனதும் திட்டமும் ஆட்டம் கண்டது. டாங்க் குழு கலைந்தது. கொஞ்ச காலம் கழித்து அர்ஜென்டினா அமெரிக்காவின் பழைய சேபர் விமானங்களை வாங்கிக்கொண்டு இந்தக் கதையை முடித்துவிட்டது.

இந்தியா ஏன் இவரை அழைத்தது?

1950-களின் இந்தியா. சுதந்திரம் கிடைத்து பத்து வருடம்கூட ஆகவில்லை. அணை, உருக்காலை, ஆராய்ச்சிக்கூடம் என்று எல்லாவற்றையும் சொந்தமாகக் கட்டிக்கொண்டிருந்த காலம். போர் விமானத்துக்கு மட்டும் பிரிட்டனையும் பிரான்ஸையும் நம்பி இருப்பதா என்ற கேள்வி எழுந்தது.

விமானப் படை கேட்டது சாதாரண விமானம் இல்லை. மாக் 2 வேகம், 60,000 அடி உயரம், சுமார் 800 கிலோமீட்டர் தொலைவுக்குப் போய்த் தாக்கிவிட்டுத் திரும்பும் திறன்.

மாக் என்பது ஒலியின் வேகத்தை வைத்துச் சொல்லும் கணக்கு. தரைமட்டத்தில் ஒலி மணிக்கு சுமார் 1,225 கிலோமீட்டர் வேகத்தில் போகும். அதுதான் மாக் 1. மேலே போகப் போகக் குளிர் கூடுவதால் இந்த வேகம் குறையும். மாக் 2 என்றால் அதைப் போல இரண்டு மடங்கு. அந்தக் காலத்தில் வல்லரசுகளே அந்த வேகத்தை அப்போதுதான் எட்டிப் பிடித்துக்கொண்டிருந்தன.

பெங்களூரின் எச்.ஏ.எல். நிறுவனத்துக்கு அதுவரை இருந்த முக்கியமான சொந்த வடிவமைப்பு அனுபவம், வி.எம்.காட்டகே தலைமையில் செய்யப்பட்ட எச்.டி-2 என்ற சிறிய பயிற்சி விமானம். முன்னால் விசிறி சுழலும் விமானம் அது. அதிலிருந்து ஒரே தாவாக மாக் 2 ஜெட்!

இந்த இடைவெளியை நிரப்பத்தான் 1956-ல் குர்ட் டாங்க் இந்தியா வந்தார். கூடவே சுமார் 18 ஜெர்மன் பொறியாளர்கள். சென்னை குரோம்பேட்டையில் உள்ள எம்.ஐ.டி.யின் விமானவியல் துறையில் அப்போதே ஜெர்மன், ஆஸ்திரியப் பேராசிரியர்கள் பாடம் நடத்திக்கொண்டிருந்தார்கள். அங்கே படித்த கலாம், டாங்கையும் அந்தத் துறையின் புகழ்பெற்ற பேராசிரியர்களில் ஒருவராகத் தன் புத்தகத்தில் நினைவுகூர்கிறார்.

ஒன்றுமில்லாத இடத்தில் தொடங்கிய வேலை

பெங்களூரில் டாங்க் குழு பார்த்தது என்ன? மூத்த வடிவமைப்புப் பொறியாளர்கள் விரல் விட்டு எண்ணும் அளவில்தான். விமானத்தின் உடலை அழுத்திப் பார்த்து எங்கே உடைகிறது என்று சோதிக்கும் அமைப்பு இல்லை. பறக்கும்போது அளவுகளைப் பதிவு செய்து ஆராயும் கூடம் இல்லை. ஓடுபாதையையே நீட்ட வேண்டியிருந்தது.

எல்லாவற்றையும் முதலிலிருந்து கட்டினார்கள். இளம் இந்தியப் பொறியாளர்களைச் சேர்த்து, வரைபடம் போடுவதிலிருந்து பாகங்களைச் சோதிப்பது வரை வேலையோடு வேலையாகக் கற்றுக்கொடுத்தார்கள். ஐந்தே ஆண்டுகளில் அந்த வடிவமைப்புப் பிரிவு பல மடங்கு பெருத்தது. மருத் விட்டுச் சென்றவற்றில் விமானத்தைவிடப் பெரிய சொத்து இந்த ஆட்கள்தான் என்று சொன்னாலும் தப்பில்லை.

இங்கேதான் டாங்கின் பழைய கிளைடர் பாடம் உதவிக்கு வந்தது. ஜெட்டைச் செய்வதற்கு முன்னால், அதே அளவு, அதே வடிவத்தில் மரத்தாலான கிளைடர் ஒன்றைச் செய்தார்கள். பெயர் எக்ஸ்-241. இன்ஜின் கிடையாது. மற்றபடி கட்டுப்பாடுகள், உள்ளே மடங்கும் சக்கரங்கள் எல்லாம் நிஜ விமானத்தில் வரப்போவது போலவே.

டகோட்டா விமானம் ஒன்று அதைக் கயிறு கட்டி மேலே இழுத்துக்கொண்டு போகும். உயரத்தில் கயிறு விடுபட்டதும் கிளைடர் தானாக மிதந்து இறங்கும். அந்தச் சில நிமிடங்களில், மெதுவான வேகத்தில் விமானம் எப்படித் திரும்புகிறது, எங்கே தடுமாறுகிறது, இறங்கும்போது எப்படி நடந்துகொள்கிறது என்பதையெல்லாம் விமானி குறித்துக்கொள்ள வேண்டும். இன்ஜின் இல்லை என்பதால் இரண்டாவது வாய்ப்பும் இல்லை. 1959, 1960-ம் ஆண்டுகளில் இப்படி 70 முறைக்கு மேல் பறந்தது அந்தக் கிளைடர். அதன் பறத்தல்கள் தந்த தகவல்கள் ஜெட்டின் வேலைக்குப் பயன்பட்டன.

1961: மருத் பறந்தது

1961 ஜூன் 17. முதல் எச்.எஃப்-24 மாதிரி விமானத்தை ஓட்டியவர் விங் கமாண்டர் சுரஞ்சன் தாஸ். இங்கிலாந்தில் சோதனை விமானிகளுக்கான பள்ளியில் பயிற்சி பெற்றவர். ஒரு வாரம் கழித்து, ஜூன் 24-ல் பாதுகாப்பு அமைச்சர் கிருஷ்ண மேனன் முன்னிலையில் மறுபடியும் பறந்தது. திட்டம் கையில் எடுத்து ஐந்தாண்டுகளுக்குள் இது நடந்தது.

மருத் என்பது வேதங்களில் வரும் புயல் காற்றுத் தேவர்களின் பெயர். பெயருக்கு ஏற்ற உருவம். ஒல்லியான உடல், 45 டிகிரி அளவுக்குப் பின்னோக்கிச் சாய்ந்த இறக்கைகள், பின்பகுதியில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஜெட் இன்ஜின்கள். பார்த்தாலே வேகம் தெரியும்.

ஆனால் உள்ளே இருந்த இன்ஜின், அந்த உடலுக்காக நினைத்த இன்ஜின் இல்லை.

சரி, இன்ஜின் என்னாச்சு?

டாங்க் மருத்தை வரைந்தபோது மனதில் வைத்திருந்தது பிரிட்டனின் பிரிஸ்டல் நிறுவனம் உருவாக்கிக்கொண்டிருந்த ஆர்ஃபியஸ் 12 என்ற இன்ஜின். ஒவ்வொன்றும் 8,170 பவுண்டு, அதாவது சுமார் 3,700 கிலோ உந்துவிசை தரக்கூடியது. ஆனால் அதை வாங்குவதாக இருந்த மற்ற தரப்புகள் ஆர்வம் இழந்தன. மிச்ச மேம்பாட்டுச் செலவை இந்தியா ஏற்றுக்கொண்டால் தொடரலாம் என்ற நிலை வந்தது. இந்தியா ஏற்கவில்லை. இன்ஜின் கைவிடப்பட்டது. யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குப் பேரம் பேசிய கதைதான்.

மாற்றாகக் கிடைத்தது ஆர்ஃபியஸ் 703. நாட் என்ற குட்டிப் போர் விமானத்துக்காக இந்தியாவிலேயே தயாரான இன்ஜின் வகை. அதன் உந்துவிசை 4,850 பவுண்டு, சுமார் 2,200 கிலோ.

கணக்கு போட்டுப் பாருங்கள். இரண்டு இன்ஜினும் சேர்ந்து 7,400 கிலோ தள்ள வேண்டிய இடத்தில் கிடைத்தது 4,400 கிலோ. பத்தில் ஆறு பங்குதான். சாதாரண வேகத்தில் இது பெரிதாகத் தெரியாது. ஆனால் ஒலியின் வேகத்தை நெருங்கும்போது, விமானத்துக்கு முன்னால் காற்று நசுங்கி அதிர்வலைகளாகத் திரண்டு, எதிர்ப்பு கிடுகிடுவென்று ஏறும். அந்தச் சுவரைத் தாண்டத்தான் கூடுதல் உந்துவிசை வேண்டும். மருத்திடம் அது இல்லை. கிட்டத்தட்ட ஒலியின் வேகம் வரை வரும், அங்கேயே முட்டிக்கொண்டு நிற்கும். மூக்கைக் கீழே சாய்த்து இறங்கும்போதுதான் தாண்டும்.

கதவு கதவாகத் தட்டிய கதை

அடுத்த பத்து வருடம் மருத்துக்கு இன்ஜின் தேடும் படலம். சோவியத்தின் மிக்-19 இன்ஜின் வகை ஒன்றைப் பரிசீலித்தார்கள், சரிப்படவில்லை.

அடுத்து எகிப்து. அங்கே ஆஸ்திரியப் பொறியாளர் பிராண்ட்னர், இ-300 என்ற ஜெட் இன்ஜினை உருவாக்கிக்கொண்டிருந்தார். அவர்களிடம் இன்ஜின் இருந்தது, சோதிக்க விமானம் போதவில்லை. இந்தியாவிடம் விமானம் இருந்தது, இன்ஜின் இல்லை. இரண்டு நாடுகளும் கைகோத்தன. எகிப்தின் சொந்த ஜெட்டான எச்.ஏ-300-ஐ 1964-ல் முதன்முதலில் ஓட்டியவரே கபில் பார்கவா என்ற இந்திய விமானப் படை அதிகாரிதான். மருத் ஒன்று எகிப்துக்கு அனுப்பப்பட்டு, 1967-லிருந்து அந்த இன்ஜினோடு பறந்தது. ஆனால் 1967 போரில் எகிப்து அடிவாங்கியது. பணம் கரைந்தது. 1969-ல் அந்தக் கதவும் மூடியது.

இதற்கு நடுவே, 1962-ல் இந்தியா சோவியத்திடம் மிக்-21 வாங்க முடிவு செய்திருந்தது. மாக் 2 வேகம், தயார் நிலையில், இந்தியாவிலேயே தயாரிக்கும் உரிமையோடு. ஒலியைத் தாண்டும் விமானம் கையில் வந்த பிறகு, மருத்துக்காக மெனக்கெட வேண்டுமா என்ற எண்ணம் வந்ததில் ஆச்சரியமில்லை.

கடைசி முயற்சி உள்ளூரிலேயே நடந்தது. ஆர்ஃபியஸ் இன்ஜினின் பின்பகுதியில் மறுபடியும் எரிபொருளைப் பீய்ச்சி எரித்து உந்துவிசையைக் கூட்டும் முறையை, பெங்களூரின் ஜி.டி.ஆர்.இ. ஆய்வகம் உருவாக்கியது. இப்படி மாற்றிய மருத்தில் இன்னொரு சிக்கல். இன்ஜினின் பின்பகுதி பெரிதானதால் விமானத்தின் பின்புறத்தையும் அகலப்படுத்த வேண்டியிருந்தது. அது காற்றின் இழுவையைக் கூட்டியது. ஒரு கையால் கொடுத்ததை இன்னொரு கையால் பிடுங்கியது போல.

1970 ஜனவரி 10-ல் அந்த மாதிரி விமானம் பெங்களூரில் புறப்பட்ட கொஞ்ச நேரத்திலேயே விபத்துக்குள்ளானது. ஓட்டிய சுரஞ்சன் தாஸ் உயிரிழந்தார். மருத்தை முதன்முதலில் வானத்துக்குக் கொண்டுபோனவர், அதற்கு வேகம் தேடும் முயற்சியில் உயிரை விட்டார். எச்.ஏ.எல். பக்கமாகப் போகும் சாலைக்கு இன்று அவர் பெயர்தான். தினமும் ஆயிரக்கணக்கான ஐ.டி. ஊழியர்கள் கடந்து போகும் சுரஞ்சன் தாஸ் ரோடு அதுவே.

அப்போ மருத் தோல்வியா?

முழுசா அப்படிச் சொல்லிவிட முடியாது.

1967-ல் விமானப் படையின் 10-வது ஸ்குவாட்ரனில் மருத் சேர்ந்தது. நான்கு பீரங்கிகளையும் ஒரே நேரத்தில் சுட்டால் உண்டாகும் அதிர்வு போன்ற சிக்கல்கள் இருந்தன. ஆனால் 1971 போரில் ராஜஸ்தான் பாலைவனப் பகுதியில் அது நன்றாகவே உழைத்தது. தாழ்வாகப் பறந்து டாங்கிகளையும் ரயில்களையும் தாக்கும் வேலை. அடிபட்டு ஒரு இன்ஜின் போனாலும் இன்னொன்றை வைத்துத் தளம் திரும்பிய சம்பவம் உண்டு. வான்சண்டையில் ஒரு மருத்தைக்கூட இந்தியா இழக்கவில்லை. தரையிலிருந்து வந்த குண்டுகளுக்குத்தான் சில பலியாயின. மருத் விமானிகள் சிலர் வீர் சக்ரா பெற்றார்கள்.

யோசித்துப் பார்த்தால், பந்தயக் குதிரையாகக் கேட்கப்பட்ட விமானம், டாங்குக்குப் பிடித்த படைக்குதிரையாகவே வேலை செய்திருக்கிறது. இரண்டு இருக்கைப் பயிற்சி விமானங்களையும் சேர்த்து மொத்தம் 147 மருத்கள் தயாராயின. 1980-களில் படிப்படியாக ஓய்வு கொடுக்கப்பட்டது.

தவறு யாருடையது என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை. பணத்தைப் பார்த்து இன்ஜினைக் கைவிட்ட அரசு மேல் ஒரு பங்கு. அடிக்கடி பார்வையை மாற்றிக்கொண்ட திட்டமிடலுக்கு ஒரு பங்கு. டாங்குக்கும் ஒரு பங்கு உண்டு. இன்னும் பிறக்காத இன்ஜினை நம்பி உடலைக் கச்சிதமாகத் தைத்துவிட்டதால், வேறு இன்ஜினை உள்ளே நுழைப்பது ஒவ்வொரு முறையும் போராட்டமானது. எஃப்.டபிள்யூ-190 காலத்தில் அவருக்கே தெரிந்திருந்த பாடம் இது.

கடைசி ஆண்டுகள்

மருத் படையில் சேர்ந்த அதே 1967-ல் டாங்க் எச்.ஏ.எல்.லை விட்டு ஜெர்மனி திரும்பினார். அங்கே விமான நிறுவனம் ஒன்றுக்கு ஆலோசகராக இருந்தார். 1983 ஜூன் 5-ல் முனிச் நகரத்தில், 85 வயதில் காலமானார்.

அதே 1983-ல்தான் இந்தியா அடுத்த போர் விமானத் திட்டத்துக்கு அனுமதி கொடுத்தது. அதுதான் பின்னாளில் தேஜஸ் ஆனது. இந்த முறை இன்ஜினையும் நாமே செய்வோம் என்று காவிரி திட்டம் தொடங்கியது. பொறுப்பு, மருத்தின் இன்ஜினோடு மல்லுக்கட்டிய அதே ஜி.டி.ஆர்.இ. ஆய்வகத்துக்கு. தேஜஸ் 2001-ல் பறந்தது, அமெரிக்க ஜி.இ. இன்ஜினோடு. தேவையான உந்துவிசையை எட்டாததால் 2008-ல் காவிரி தேஜஸ் திட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. அண்மையில் அமெரிக்காவிலிருந்து இன்ஜின் வருவது தாமதமானதும், புதிய தேஜஸ் மார்க் 1ஏ விமானங்கள் படைக்குப் போவதைத் தள்ளிப்போட்ட காரணங்களில் ஒன்று.

ஜெட் இன்ஜின் செய்வது ஏன் இவ்வளவு கஷ்டம்? அதன் உள்ளே சுழலும் தகடுகள், தாங்கள் செய்யப்பட்ட உலோகமே உருகக்கூடிய அளவு சூடான வாயுவுக்கு நடுவே, நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை, பல நூறு மணி நேரம் சுழல வேண்டும். அதற்கான உலோகக் கலவையும் வார்க்கும் முறையும் பல பத்தாண்டு சோதனையில், நிறைய பணத்தில், நிறைய தோல்வியில்தான் கைக்கு வரும். உலகில் மிகச் சில நாடுகளிடமே அந்த வித்தை இருக்கிறது. கேட்டால் யாரும் எளிதில் சொல்லித் தர மாட்டார்கள்.

மருத்தை நேரில் பார்க்க ஆசை இருந்தால் பெங்களூர் கஸ்தூர்பா சாலையில் உள்ள விஸ்வேஸ்வரய்யா அருங்காட்சியகத்திலும், எச்.ஏ.எல். அருங்காட்சியகத்திலும் பார்க்கலாம். இன்னொன்று ஜெர்மனியில், டாங்க் கண்மூடிய முனிச்சுக்குப் பக்கத்தில், ஷ்லைஸ்ஹைம் விமான அருங்காட்சியகத்தில் நிற்கிறது. அடுத்த முறை பெங்களூர் போகும்போது ஒரு எட்டு பார்த்துவிட்டு வாருங்கள். குழந்தைகளைக் கூட்டிப்போனால், மூக்கை மட்டும் காட்டாமல் பின்பக்கம் உள்ள அந்த இரண்டு வட்டங்களையும் காட்டுங்கள். இந்திய விமானத் துறை இன்னும் விடை தேடும் கேள்வி அங்கேதான் இருக்கிறது.